கிளினிக் புத்தகத்துக்குள் மடித்து வைத்த துண்டு

மகனுக்கு ஓட்டிசம் (பேச்சும் மற்றவரோடு பழகுவதும் வேறு விதமாக அமையும் வளர்ச்சி நிலை) என்று உறுதியாகச் சொன்ன அன்று, டொக்டர் அவனுடைய கிளினிக் புத்தகத்தை விரிக்க, உள்ளேயிருந்து ஒரு துண்டு விழுந்தது. நாலாக மடித்த துண்டு. எடுத்து விரித்து வாசித்தார், திகதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைப் மிஸ் என்று கூப்பிடுகிறவர், 2020 யூலையில் எழுதித் தந்த துண்டு அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொல் இல்லை, டொக்டரிடம் காட்டவும் என்று இரண்டே வரி. நாங்கள் டொக்டருக்கு முன்னால் இருந்தது 2022 பெப்ரவரியில். பத்தொன்பது மாதம் அந்தத் துண்டு அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது. மடித்து வைத்தவன் நான். டொக்டர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதை எழுதச் சொன்னது மனைவி. "நீங்கள் செய்ததை நீங்களே எழுதுங்கோ, அப்பதான் ஆரும் ஒரு தகப்பன் வாசிப்பார்" என்றாள். அதனால் என்னை நல்லவனாகக் காட்டாமல் எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம். நான் அரசாங்க அலுவலகத்தில் இலிகிதர். மகன் பிறந்தது 2019 தையில். ஒரு வயது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அல்லது சரி என்று நினைத்தோம். தவழ்ந்தான், நடந்தான், "பா" என்றால் பால், "கா கா" என்றால் காகம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீட்டுக்குள் நாலு சுவரும் போனும்தான். அந்த மாதங்களில் அவனுடைய "பா"வும் "கா கா"வும் எப்போது நின்றன என்று எனக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். சமையலறையில் தொங்கிய கலண்டரில் அவள் குறித்து வைத்திருந்தாள். "இண்டைக்குக் காகம் சொல்லேல்லை." "கூப்பிடத் திரும்பேல்லை, விசுக்கோத்துப் பையின்ர சத்தத்துக்கு ஓடி வந்தான்." நான் அந்தக் கலண்டரில் பால்காரனுடைய கணக்கை மட்டும்தான் பார்ப்பேன்.

எனக்குத் தெரிந்தது வேறு. இருபது மாதத்தில் ஆங்கில எழுத்து இருபத்தாறையும் ஒப்பித்தான். யூடியூப் பார்த்து, அமெரிக்கக்காரனைப் போல உச்சரிப்பு. கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு வைபரில் பெருமையாகக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மச்சான், தண்ணி வேணுமெண்டா எப்பிடிக் கேக்கிறவன்?" என்றாள். "என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போவான்" என்றேன். அவள் மேலே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மனைவிக்குத் தனியாக எடுத்துக் கதைத்திருக்கிறாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரைக்கும் இழுத்துப் போவதும், தூரத்தில் இருக்கும் ஒன்றை விரல் நீட்டிக் காட்டுவதும் வேறு வேறு. அதிலும், தனக்கு வேண்டியதை எடுத்துத் தரச் சொல்லிக் காட்டுவது ஒன்று, "அங்கே பார் காகம்" என்று உங்களுக்குக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இந்தக் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். ஒன்றரை வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அதைச் செய்யும். எங்கள் மகன் செய்யவில்லை. அவனுக்கு என் கை ஒரு சாமான், திறப்பு மாதிரி. ஒரு வயதில் கை காட்டுதல், தலையாட்டுதல், டாட்டா சொல்லுதல் ஒன்றும் இல்லை என்றாலும், பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை என்றாலும், இரண்டு வயதில் "பால் தா" போல இரண்டு சொல் சேரவில்லை என்றாலும் காட்ட வேண்டும். வந்த சொல் மறைந்தால் எந்த வயது என்றாலும் உடனே காட்ட வேண்டும். எழுத்தும் இலக்கமும் ஒப்பிப்பதைக் கதை என்று எண்ணி என்னைப் போல ஏமாறாதீர்கள்.

கிளினிக் புத்தகத்தில் எத்தனை மாதத்தில் பிள்ளை என்னென்ன செய்யும் என்று ஒரு வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. அதை நிரப்பியவன் நான்தான். அலுவலகத்தில் படிவம் நிரப்பி நிரப்பிக் கை பழகிவிட்டது, ஒரே இருப்பில் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். "விரலால் காட்டுகிறதா?" சரி. கையைப் பிடித்து இழுக்கிறான்தானே. பிறகுதான் வாசித்தேன்: இலங்கையில் ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்திருக்கிறது. அதைவிட என்னைக் குத்தியது மற்ற விடயம். பெற்றோரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கிய பதில்கள், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோரைத் தவறவிட்டிருக்கின்றன. எம்-சாட் என்ற அந்தக் கேள்வித்தாளின் திருத்திய வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு, 20 கேள்விகள். செய்யுங்கள். ஆனால் தாயும் தகப்பனும் தனித்தனியாக நிரப்பி, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில் எங்கே மாறுகிறதோ, அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் நாலைந்து தரம் சோதியுங்கள். ஒருமுறை செய்ததை "செய்வான்" என்று எழுதக் கூடாது. சரி வந்தாலும் மனம் ஒப்பவில்லை என்றால் போய்க் காட்டுங்கள்.

பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது மிட்வைப் மிஸ் அவனை மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார், கையில் இருந்த திறப்புக் கோர்வையைக் கிலுக்கிப் பார்த்தார், துண்டு எழுதினார். நான் ஏன் போகவில்லை? கொரோனா என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், அப்போது என் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். "பரம்பரையில ஏதும் இருக்கோ" என்று விசாரிப்பார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் பெண் கொடுத்தவர்களுக்குத் தெரியும். கிளினிக் வரிசையில் யாராவது தெரிந்தவர் கண்டால் சாயந்தரத்துக்குள் கதை ஊர் சுற்றிவிடும். அதற்கு மேல் அம்மா ஒரு கேடயம் தந்தா. "நீயும் நாலு வயசிலதானே கதைச்சனீ, இப்ப கதைக்காமலோ இருக்கிறாய்?" நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன். மனைவி கேட்கும்போதெல்லாம் "உமக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றேன். தங்கச்சியின் சம்பந்தம் கடைசியில் வேறு காரணத்துக்காகக் குழம்பியது, அது தனிக் கதை.

துண்டு உள்ளே இருக்க, காசு வெளியே போனது. கணக்கெழுதுவது என் தொழில், அதனால் சீ.ஆர். கொப்பியில் எல்லாம் இருக்கிறது. நாக்கில் வசம்பு தேய்த்தோம், சாதகம் பார்த்தோம், சந்நிதி முருகன் கோயிலில் நேர்த்தி வைத்தோம். இவற்றுக்கு 21,000. நேர்த்தியில் எனக்கு வருத்தம் இல்லை, சந்நிதி முற்றத்து மணலில் அவன் அமைதியாக இருந்து விளையாடிய இரண்டு மணித்தியாலம் எங்களுக்கும் வேண்டியிருந்தது. இரண்டு வயது தாண்டியதும் ஒரு தனியார் இடத்தில் "நாக்குக் கட்டு, வெட்டிவிட்டால் கதைப்பான்" என்றார்கள். வெட்டினோம், 38,000. வெட்டிய பிறகு மூன்று நாள் சாப்பிடவில்லை, என்னைக் கண்டால் வாயைப் பொத்தினான். நாக்குக் கட்டு, அதாவது நாக்கின் அடிச்சவ்வு இறுகியிருப்பது, இருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்புச் சிக்கலாகலாம். கூப்பிட்டால் திரும்பாததற்கும் விரலால் காட்டாததற்கும் நாக்கு என்ன செய்யும்? இந்தக் கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. பிறகு 2021-இல் மாகாணம் விட்டு மாகாணம் போக முடியாத நாட்களில் முகநூலில் ஒரு விளம்பரம். 90 நாளில் பிள்ளை கதைக்கும், எண்ணெயும் குளிசையும் சேர்த்து 84,000, கூரியரில் வீட்டுக்கே வரும். போத்தலில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. மனைவி வேண்டாம் என்றாள். நான் அவளுக்குச் சொல்லாமல் காசைப் போட்டேன். நாற்பதாம் நாள் அவனுக்கு வயிற்றோட்டம் வந்தது, போன் எடுத்தால் "மருந்து வேலை செய்யுது" என்றார்கள். ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆத்திரம், நித்திரையின்மை, வலிப்பு போன்றவற்றுக்கு டொக்டர் மருந்து தரலாம், அது வேறு. நாள் கணக்குச் சொல்லி, மொத்தக் காசையும் முதலிலேயே கேட்கிறவரைக் கண்டால் கதவைச் சாத்துங்கள்.

காதுச் சோதனையில் பட்டதையும் சொல்ல வேண்டும். கதைக்காத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பது சரியான காரியம். பெரா என்ற காதுச் சோதனையைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுவாக நித்திரையாக இருக்கும்போதுதான் செய்வார்கள். கொழும்பில் கெதியாகத் திகதி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, இரவு பஸ் ஏறினோம். விடிய விடிய மடியில் நல்ல நித்திரை. வெள்ளவத்தையில் இறங்கிக் கண் முழித்தவன், சோதனை அறையில் நித்திரை மருந்து கொடுத்தும் கண் மூடவில்லை. சுவர் சுவராக ஓடினான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தரம் ஒரு நாள் முன்னரே போய் லொட்ஜில் தங்கி, இரவு முழுக்க மனைவியும் நானும் மாறி மாறி அவனை முழிக்க வைத்திருந்து, காலையில் கூட்டிப் போனோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. காது சரி. சோதனை செய்த பெண்தான், "யாழ்ப்பாணத்திலிருந்தா வாறீங்கள்? அங்கே போதனா வைத்தியசாலை இருக்கே, குழந்தைப் பிரிவில காட்டவில்லையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகும் நான் கேட்கவில்லை. இன்னொரு தரம் கொழும்புக்கு வந்து ஒரு பெரிய டொக்டரைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணினோம், ஏழு நிமிடம் பார்த்தார். மூன்று பயணத்துக்கும் 74,000, சனலும் சோதனைகளும் 46,500. மொத்தம் 263,500 ரூபாய். அதில் எங்களுக்கு உண்மையாக வேண்டியிருந்தது காதுச் சோதனையின் 14,500 மட்டும். அதையும் அரச வைத்தியசாலை ஊடாகக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் போன வழி இதுதான்: எம்.ஓ.எச். (பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம், அங்கிருந்து ஒரு கடிதம், போதனா வைத்தியசாலைக் கிளினிக். ஒரு சதம் செலவில்லை. விடிய ஆறு மணிக்கு நம்பர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இரத்தச் சோதனை, ஸ்கான் ஒன்றும் இந்த முடிவைச் சொல்லாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டொக்டர் நிலத்தில் இருந்தார், சோப்புக் குமிழி ஊதினார், பந்தை உருட்டினார், பொம்மைக்குச் சாப்பாடு தீத்தச் சொன்னார். மகன் பொம்மையைத் தள்ளிவிட்டு, விளையாட்டுக் காரைத் தலைகீழாக்கிச் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு கேள்விகள். நான் பதில் சொல்லச் சொல்ல, மனைவி பையிலிருந்து இரண்டு வருடக் கலண்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். டொக்டர் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டு அதை வாசிக்கத் தொடங்கினார். நீங்களும் குறித்து வையுங்கள், முடிந்தால் போனில் ஒரு நிமிட வீடியோக்கள் எடுங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, சாப்பிடும்போது, மற்றப் பிள்ளைகளோடு நிற்கும்போது, கோபம் வரும்போது. கிளினிக்கில் பிள்ளை பயந்து போயிருக்கும், அல்லது அன்றைக்கென்று பார்த்து நன்றாகச் சிரிக்கும்.

ஓட்டிசம் என்று சொன்னதும் மனைவி அழவில்லை. "சரி, இனி என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள். நான் வெளியே வந்து, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். அழுதது பிள்ளைக்காகவா துண்டுக்காகவா என்று இன்றும் சொல்லத் தெரியாது.

பேச்சுச் சிகிச்சைக்கு மாதம் ஒருமுறை திகதி தந்தார்கள். கனடாவில் உடனே கிடைக்கும், நாங்கள்தான் பாவம் செய்தவர்கள் என்று நினைத்தேன். ஒன்ராறியோவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வருடக்கணக்காக வரிசையில் நிற்கிறார்கள் என்று மச்சாள் சொன்னாள். எங்களுக்கு இரண்டு திகதிதான் ஒழுங்காகக் கிடைத்தது. பிறகு பெற்றோல் இல்லை. 2022 யூன், யூலையில் மோட்டார் சைக்கிளைப் போர்வை போட்டு மூடிவிட்டு, அவனைச் சைக்கிளின் முன் இருக்கையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். ஒருநாள் போனால் சிகிச்சையாளருக்கே வர வழியில்லை. அன்றைக்குத்தான் மனைவி சொன்னாள், அவர் செய்வதை வீட்டில் நாங்கள் செய்வோம் என்று. சிகிச்சையாளரும் போனில் அதையேதான் சொன்னார். மாதத்தில் முக்கால் மணித்தியாலம் தன்னோடு, மிச்ச நேரமெல்லாம் எங்களோடுதானே.

செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிலத்தில் அவன் முகத்துக்கு நேரே இருப்போம். அவன் சில்லைச் சுற்றினால் நாங்களும் சுற்றுவோம், "சுத்துது, சுத்துது, நிண்டிட்டுது" என்போம். விருப்பமான விசுக்கோத்தை அவன் காணும்படி கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடி வைப்போம், எங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். வந்தால் உடனே கொடுக்காமல் மனதுக்குள் பத்து எண்ணுவோம். எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது, நாலு எண்ணுவதற்குள் கை போய்விடும். ஊஞ்சலில் "ஒண்டு, ரெண்டு..." என்று நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அவனுடைய சொந்தக் கோப்பை, சொந்தச் செருப்பு, எங்கள் வீட்டுக் கிணறு, இவற்றைப் போனில் படம் எடுத்து ஸ்ருடியோவில் அச்சடித்து அட்டை செய்தோம். குளிக்க வேண்டுமென்றால் கிணற்றுப் படத்தைக் கொண்டுவந்து தருவான். படம் கொடுத்தால் கதைக்க மாட்டான் என்று ஒரு மாமி பயமுறுத்தினா. அது பிழை. படம் பேச்சைத் தடுப்பதில்லை, அழுகையைக் குறைக்கிறது. பழைய சொற்கள் நின்ற பிறகு "மூ" என்று கேட்ட முதல் சொல் செப்டெம்பரில் ஊஞ்சலில் வந்தது, மூன்று என்பதன் பாதி. விரல் நீட்டி ஒன்றைக் காட்டியதற்கு இன்னும் எட்டு மாதம் எடுத்தது. கொக்குவில் ரெயில் கடவையில், அவனுக்கு நாலு வயதும் நாலு மாதமும் இருக்கும்போது. காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தானா என்றால், இல்லை, ரெயிலைத்தான் பார்த்தான்.

மொழியைப் பற்றி ஒன்று. யூடியூப் ஆங்கிலம் வருகிறதே, ஆங்கிலத்திலேயே கதையுங்கள் என்று வெளிநாட்டுச் சொந்தங்கள் சொல்லும். எங்களுக்குச் சிரிப்பும் கோபமும் வருவது தமிழில்தான், அதை விட்டுவிட்டு அவனோடு எதைக் கதைப்பது? சிகிச்சையாளரும் வீட்டு மொழியைத்தான் கதைக்கச் சொன்னார். போனைப் பற்றியும் ஒன்று. போன் பார்த்ததால் ஓட்டிசம் வரவில்லை. ஆனால் போன் போன இடத்தில் எங்கள் முகம் இல்லை, அதனால் குறைத்தோம். மூன்று நாள் வீடு ரணகளம், நாலாம் நாள் கொஞ்சம் பரவாயில்லை.

குற்றச்சாட்டு முழுக்க மனைவியின் தலையில்தான் விழுந்தது. வயிற்றில் இருக்கும்போது வேலைக்குப் போனாள், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவில்லை, இப்படி. 1943-இல் லியோ கன்னர் என்ற மருத்துவர் பதினொரு பிள்ளைகளை வைத்து ஓட்டிசத்தை முதலில் விவரித்த காலத்துக்குப் பிறகு, தாயின் அன்புக் குறைவுதான் காரணம் என்று மருத்துவர்களே பல வருடம் சொல்லியிருக்கிறார்கள். அது பிழை என்று எப்போதோ தள்ளிவிட்டார்கள். பெரும்பகுதி மரபணு சார்ந்தது. நாலு வயதில் கதைத்தவன் நான் என்று அம்மா சொன்னது, ஒருவிதத்தில் மருமகளைக் காப்பாற்றும் சாட்சியாகத்தான் முடிந்தது. அம்மாவிடம் அதைச் சொன்னேன், ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. தடுப்பூசியையும் விட்டுவைக்கவில்லை. ஊசியால் ஓட்டிசம் வரும் என்று வட்சப்பில் வந்த ஒன்றை நம்பி, மூன்று வயதில் போட வேண்டிய எம்.எம்.ஆர். (சின்னமுத்து போன்ற நோய்களுக்கான) ஊசியை நான் பிற்போட்டேன். அந்தக் கதையைத் தொடக்கிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010-இல் மீளப் பெற்றுவிட்டது. ஊசியைப் பிறகு போட்டோம். மிட்வைப் மிஸ் அன்றும் திட்டவில்லை.

முன்பள்ளி இரண்டில் இடமில்லை என்றார்கள். இடம் இருந்தது, எங்களுக்குத் தெரியும். மூன்றாவதில் ஒரு ரீச்சர், "மணி அடிச்சா காது பொத்துறானோ? அப்ப மணியை நான் கையால தட்டுறன்" என்றா. அங்கேதான் சேர்த்தோம். இப்போது பாடசாலையில் விசேட கல்வி அலகில் இருக்கிறான். அலகு உள்ள பாடசாலை எது என்று ஐந்து வயதுக்கு ஒரு வருடம் முன்னரே வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு வையுங்கள், தை மாதம் போய் நிற்காதீர்கள். கோண்டாவிலில் சிவபூமி போன்ற தனிப் பாடசாலையும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. எது பொருந்தும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், நேரே போய் ஒரு காலை முழுவதும் இருந்து பாருங்கள். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பெயரைப் பதியுங்கள். நான் அதற்கும் வெட்கப்பட்டு ஒரு வருடம் இழுத்தேன்.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். தமையனுக்கு ஓட்டிசம் என்றால் பின்னால் பிறக்கும் பிள்ளைக்கு இருக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டேதான் பெற்றோம். அவளுடைய கிளினிக் புத்தகம் அலுமாரிக்குள் இல்லை, சாமி அறை மேசையில் கிடக்கிறது. மனைவிதான் நிரப்புகிறாள், பென்சிலால். நேற்றுப் பார்த்தேன், பத்தாம் மாதத்துப் பக்கத்தில் ஒன்றுக்கு மட்டும் சரியும் போடாமல் பிழையும் போடாமல் வெறுமையாக விட்டிருக்கிறாள். வியாழக்கிழமை கிளினிக். மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.